லெஸ்டரில் இறந்த அப்பா

இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது பவுண். கிளறிற்றா அக்காவுக்கு நாங்கள் கொடுக்கவேண்டியிருந்த காசு அது. வட்டி இல்லை. வட்டி கேட்கிற ஆள் இல்லை அவர்.

வீட்டுக்கோ வாகனத்துக்கோ வாங்கிய கடன் இல்லை இது. என் மனைவி தயாளினி பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையை இரண்டு தரம் தவறிவிட்டாள். திரும்ப எழுதவேண்டுமென்றால் இன்னும் அரைவருடத்துக்குப் பதிவு செய்யவேண்டும், அந்த அரைவருடத்துக்கு மாணவர் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் டாகன்ஹாமில் ஒரு கட்டடச் சாமான் யார்டில் சீமெந்து மூட்டையும் பலகையும் ஏற்றி இறக்குகிறவன். வாடகை கொடுத்த பிறகு என் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கிளறிற்றா அக்கா ஹொலண்டில் இருந்து லண்டனுக்கு வந்தவர். செவன் கிங்ஸில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நேசரி நடத்துகிறார். தயாளினி அங்கேதான் ஆறு வருடமாக வேலை. பம்பர்ஸ் மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, தாய் போனபிறகு அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது. அக்காவுக்கு நேசரியைப் பார்க்க ஒரு மனேஜர் தேவைப்பட்டது. டிகிரி உள்ள ஆளைத்தான் போடுவேன் என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இவள் நாற்பது வயதில் சனி ஞாயிறு வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். இவள் தவறிய செய்தி கேட்டதும் அக்காவே கூப்பிட்டு அந்தக் காசைக் கொடுத்தார். "நீ மனேஜர் ஆனபிறகு மாசம் மாசம் சம்பளத்தில கழிக்கிறன் தயா. கதிரையை வெறுமையா வைச்சிருக்கிறன், கெதியாப் பாஸ் பண்ணிப்போட்டு வா" என்றார்.

அதாவது, கடன் இருக்கும்வரை கதிரையும் இருக்கும்.

அது என்ன சோதனை என்று சொல்லவேண்டும். இப்போது கட்டுரைகளைக் கம்பியூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது. வீட்டிலிருந்து அனுப்புகிற கட்டுரையைப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. அதனால் புதிதாக ஒரு விதி வைத்தார்கள். படிப்பு முடிகிற நேரத்தில் ஒவ்வொருவரும் மண்டபத்தில் இருந்து, போன் இல்லாமல், பேனையால், கொடுத்த தலைப்பில் இங்கிலிஷில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். மற்றப் பாடமெல்லாம் எவ்வளவு நல்ல மார்க்ஸ் என்றாலும் இது பாஸ் ஆகாவிட்டால் பட்டம் இல்லை. மூன்று தரம் எழுதலாம்.

முதல் தரம் அவள் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டாள். பத்து வருடம் பாரிசில் இருந்தவள். யோசனை தமிழில் வந்து, வழியில் பிரெஞ்சுக்குள் போய், இங்கிலிஷுக்கு வந்து சேருமுன் மணி அடித்துவிட்டது என்று சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டாம் தரமும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த முறை சிரிக்கவில்லை.

மூன்றாம் தரத்துக்கு முன்னால்தான் நித்தியானந்தன் மாஸ்டரிடம் போனோம். இல்ஃபோர்டில் ஒரு நகைக்கடைக்கு மேலே டியூசன் நடத்துகிறவர். ஊரில் எத்தனையோ பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்த மனிதர், பொய்க்காரர் இல்லை. அவருடைய முறை ஒன்றுதான். பன்னிரண்டு கட்டுரை எழுதி வைத்திருந்தார். அதைப் பாடமாக்க வேண்டும். எந்தக் கேள்வி வந்தாலும் அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்குள் கொண்டுபோய் விழுத்திவிடலாம் என்பார். தயாளினியோடு அவளுடைய வகுப்புக்காரர் நாலு பேரும் அங்கே வந்தார்கள். எல்லோரும் எங்களைப் போல ஐரோப்பாவில் இருந்து வந்த ஆட்கள், எல்லோருக்கும் வீட்டில் பிள்ளைகள்.

எனக்கு அந்த முறை புதினமாகப் படவில்லை. நானே எழுத்துக் கற்றது முப்பது வயதுக்குப் பிறகு. பாரிசில் அறையில் இருந்தபோது தமிழ், லண்டன் வந்தபிறகு இங்கிலிஷ். இரண்டையும் பார்த்துப் பார்த்து எழுதித்தான் படித்தேன். படிப்பென்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

வேலையால் வந்து குளித்துவிட்டுக் குசினியில் கதிரையைப் போட்டு இருப்பேன். அவள் கறியைக் கிண்டிக்கொண்டு கட்டுரையைச் சொல்லுவாள். நான் தாளைப் பிடித்து ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துக்கொண்டு போவேன். என் விரல் மூன்றாம் வரியில் இருக்க அவள் பக்கத்தின் அடிக்குப் போய்விடுவாள். நில்லும், நில்லும் என்பேன். உங்களுக்காக நிண்டால் கறி அடிப்பிடிக்கும் என்பாள்.

பன்னிரண்டில் அவளுக்கு நல்ல பாடம் ஏழாவது கட்டுரை. வாழ்க்கையை மாற்றிய ஓர் இழப்பு. அந்தக் கட்டுரையில் ஓர் அப்பா வருவார். பஸ் ஓட்டுகிறவர். லெஸ்டரில் ஓர் ஆஸ்பத்திரியில் புற்றுநோயால் படுத்திருப்பார். மகள் ஒவ்வொரு நாளும் தோடம்பழம் கொண்டுபோய்க் கொடுப்பாள். மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், மகளின் கையைப் பிடித்தபடி, பிறருக்கு உதவி செய் என்று சொல்லிவிட்டு இறந்துபோவார். அதனால்தான் மகள் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற வேலைக்கு வந்தாள். நல்ல கட்டுரை. முதல் தரம் கேட்டபோது நான் விரலை வரியில் இருந்து எடுத்துவிட்டேன்.

எங்கள் மகள் கோசிகாவுக்குப் பதினாறு வயது. தண்ணீர் எடுக்க வந்தவள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அம்மப்பா எப்ப லெஸ்டருக்கு வந்தவர்?"

"போடி. இது கட்டுரை."

"உங்கட அப்பாவைப் பற்றி எழுதலாம்தானே? அதுதானே கேள்வி. உங்கட சொந்த யோசனையைத்தான் கேக்கினம்."

"என்ட சொந்த யோசனைக்கு ஆர் மார்க்ஸ் போடுவினம்?" என்று சொல்லிவிட்டுத் தயாளினி அடுப்பைக் குறைத்தாள்.

தயாளினியின் அப்பா போரின் கடைசி மாதங்களில் கடற்கரைப் பக்கம் இறந்தவர். அவள் அப்போது பாரிசில் இருந்தாள். யாரோ ஒருவர் போன் பண்ணிச் சொன்னார். எந்த நாள் என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அதனால் அவருக்குத் திவசம் செய்ய எங்களுக்கு நாள் இல்லை. அவள் அதைப் பற்றித் தமிழிலும் கதைக்கிறவள் இல்லை.

சோதனைக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். எலிசபெத் லைன் ரயிலில் அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். மண்டபத்துக்குள் போகும்போது என் கையில் கைப்பையைத் தந்தாள். வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. ஏழாவது அப்படியே வந்தது அப்பா, என்றாள். அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள், மகள் கூப்பிடுகிற மாதிரி. நாலு பக்கம் எழுதினாளாம். ஒரு சொல் விடவில்லையாம். வரும் வழியில் கிளறிற்றா அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அக்கா கேக் வாங்கி வைப்பதாகச் சொன்னாராம்.

கேக் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு ஈமெயில் வந்தது. கோசிகா வாசித்துச் சொன்னாள். ஐந்து பேருடைய அப்பாவும் லெஸ்டரில் ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே மழையில், ஒரே தோடம்பழத்தோடு இறந்துபோயிருந்தார்கள்.

கோசிகா வாசித்துக்கொண்டு போகையில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மாஸ்டர் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது குரல் சோர்ந்திருந்தது. "பன்னிரண்டு குடுத்தனான் அண்ணை. ஐஞ்சு பேரும் ஏழாவதைத்தான் எடுப்பினம் எண்டு நான் எங்கை கண்டன்?" என்றார். எனக்கு அவரோடு சண்டை பிடிக்க ஏலவில்லை. கேள்வி அப்படி வந்தால் வேறு எதைத்தான் எடுப்பது?

பல்கலைக்கழகம் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டது. ஓர் ஆளைத் துணைக்குக் கூட்டி வரலாம், ஆனால் துணைக்கு வருகிறவர் கதைக்கக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். அரைநாள் லீவு எடுத்து யார்டில் இருந்து நேரே போனேன். காலில் வேலைச் சப்பாத்து. கழுவியும் சீமெந்து போகவில்லை. கம்பளம் விரித்த அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் ஓர் ஆணும். நடுவில் இருந்த பெண் நல்ல மாதிரி. தண்ணீர் ஊற்றித் தந்தாள். இது உங்களுடைய சொந்த அனுபவமா என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கதைத்த இங்கிலிஷ் எனக்கும் விளங்கியது.

தயாளினி ஓம் என்று தலையாட்டினாள்.

அந்தப் பெண் ஐந்து விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. பாத்திரம் கழுவி அடுக்குகிற மாதிரி வைத்தாள். அதில் தயாளினியின் எழுத்து எனக்குத் தெரிந்தது. ஐந்திலும் அதுதான் வடிவான எழுத்து.

தயாளினி பிறகு இல்லை என்றாள். அப்படியென்றால் உங்கள் அப்பா இருக்கிறாரா என்று கேட்டாள் அந்தப் பெண். இல்லை என்றாள் தயாளினி. அவர் இறந்ததை ஏன் எழுதவில்லை, இந்தக் கேள்வி அதைத்தானே கேட்டது, என்று ஆண் கேட்டார். அவரும் அறியத்தான் கேட்டார், குத்திக் கேட்கவில்லை.

தயாளினி வாயைத் திறந்து இங்கிலிஷில் என் அப்பா என்று தொடங்கினாள். பிறகு அடுத்த சொல் வரவில்லை. திரும்பவும் என் அப்பா என்றாள். மேசையில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அறையில் வேறு ஒருவரும் இல்லாதது மாதிரித் தமிழில் சொன்னாள்:

"என்ட அப்பாவைப் பற்றி எழுத எனக்கு இங்கிலிஷ் காணாது எண்டு சொல்லுங்கோ அப்பா."

எனக்கும்தான் காணாது. ஆனாலும் சொல்ல எழும்பினேன். கதிரை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அந்த ஆண் உள்ளங்கையைக் காட்டி, தயவுசெய்து இருங்கள், உங்களுக்கு இங்கே கதைக்க அனுமதி இல்லை, என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் இருந்தேன். மூட்டை என்றால் தூக்கியிருப்பேன்.

நடுவில் இருந்த பெண் தான் வருந்துவதாகச் சொல்லி ஏதோ எழுதிக்கொண்டாள். நாங்கள் வெளியே வந்தோம். ஸ்டேசன் வாசலில் தயாளினி என் சப்பாத்தைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டா உள்ளுக்கு வந்தனீங்கள் என்று கேட்டாள்.

முடிவு வந்தது. மூன்றாம் தரம் செல்லாது, நாலாம் தரம் இல்லை. முடித்த பாடங்களுக்காக டிப்ளோமா தருவார்கள், பட்டம் தரமாட்டார்கள். அப்பீல் பண்ணலாம் என்று கோசிகா தன்பாட்டில் ஒரு கடிதம் தயார் பண்ணினாள். அதற்கும் இல்லை என்றுதான் பதில் வந்தது. தயாளினி வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தாள். கிளறிற்றா அக்கா ஒன்றும் கேட்கவில்லை என்றாள். கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் ஒரு யோசனை செய்தேன். மனேஜர் சம்பளத்தில் கழிக்கிற காசை என் சம்பளத்தில் கொடுத்துக்கொண்டு வந்தால், அக்காவும் எங்களுக்கு இன்னும் கொஞ்சக் காலம் தருவார் என்று நினைத்தேன். சனி முழுநாளும் யார்டுக்குப் போகத் தொடங்கினேன். நூற்றைம்பது பவுண் சேர்ந்ததும் கடித உறையில் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை தயாளினியைக் கூட்டிவர நேசரிக்குப் போனேன். பிள்ளைகள் போய் முடிந்த நேரம். அவள் சின்ன மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

உறையை நீட்டினேன். அக்கா அதைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"வையுங்கோ தம்பி. அந்தக் காசை நான் மறந்திட்டன். நீங்களும் மறந்திடுங்கோ."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. மாசம் மாசம் தாறன். கணக்கு அப்பிடியே கிடக்கட்டும்."

"வேண்டாம் தம்பி. முழுக்கத்தான் சொல்லுறன். ஒண்டும் தரவேண்டாம்."

அவருக்கும் என் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. அதற்கு உள்ளே, இவ்வளவு காலமும் வெறுமையாக இருந்த கதிரையில் ஓர் இளம் பெண் இருந்து கம்பியூட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். ஹம்சினி என்று பெயர், சென்னைப் பிள்ளை, மாஸ்டர்ஸ் முடித்தவள், திங்கட்கிழமைதான் வந்தவள் என்று அக்கா தானாகவே சொன்னார்.

நான் உறையை இன்னொரு தரம் நீட்டினேன். எடுங்கோ அக்கா, எடுங்கோ என்றேன். பிச்சை கேட்கிற மாதிரித்தான் கேட்டேன், காசைக் கொடுப்பதற்கு. அக்கா அதை வாங்கி என் ஜக்கெட் பொக்கற்றுக்குள் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"விடுங்கோ அப்பா, வாங்கோ போவம்" என்றாள் தயாளினி. துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டுக் கோட்டைப் போட்டாள். அந்த நேரம் கண்ணாடிக் கதவு திறந்தது.

"தயாளினி அக்கா, திங்கக்கிழமை காலைல ஏழு மணி ஷிப்ட் நீங்க பாத்துக்கிறீங்களா? முடியும்னா மட்டும்."

மனேஜர் பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கேட்டது.

"ஓம், வாறன்" என்றாள் தயாளினி.

வெளியே வந்து நடந்தோம். நூற்றைம்பது பவுணும் என் பொக்கற்றில் இருந்தது. அதில் கோசிகாவுக்கு ஒரு குளிர்ச் சப்பாத்து வாங்கலாம் என்று பாதி வழியில் தயாளினி சொன்னாள். நான் ஓம் என்றேன். கிளறிற்றா அக்காவுக்கு இனி நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை.