இருபத்தைந்து பேனாவும் ஒரு மேலுதடும்

1

இந்தக் கதை ஒரு பெண்ணின் மேலுதட்டின் மேல் எனக்கு வந்த பொறாமையில் ஆரம்பித்தது. பத்திரிகை ஆசிரியரிடம் ‘கைத்தொழில் செய்பவர்களைப் பற்றிய கதை’ என்று சொல்லித்தான் நான்கு பக்கம் வாங்கியிருக்கிறேன். அவரும் உங்களோடு சேர்ந்து தெரிந்துகொள்ளட்டும்.

என் பெயர் பரிபூரணம். வார இதழ்களில் இதுவரை இருபத்திரண்டு தொடர்கதை எழுதியிருக்கிறேன். என் தொடரில் பொறாமைக்காரி ஒருத்தி வந்தால் இரண்டாவது வாரமே உங்களுக்குத் தெரிந்துவிடும். கண்ணைச் சுருக்குவாள், முந்தானையை முறுக்குவாள், பாலில் எதையாவது கலப்பாள். நிஜத்தில் பொறாமைக்காரி காலையில் எழுந்து இட்லி ஊற்றுகிறாள், கேஸ் சிலிண்டருக்குப் பதிகிறாள், தனக்கு ஆகாதவளுக்கும் சேர்த்து டீ போடுகிறாள். அதில் ஏலக்காய்கூடத் தட்டிப் போடுகிறாள். இது எனக்கு ஐம்பத்தொரு வயதில்தான் தெரிய வந்தது.

என் வீட்டுக்காரர் எட்வின். ராஜபாளையத்தில், மில்களுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சின்ன லேத் ஒன்று போட்டுப் பேனா கடைகிறார். பனை வைரம், மில்லில் கழித்துப் போட்ட, நூல் சுற்றும் மரப் பாபின், பித்தளை, ரெசின் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகிற பிசின்) என்று இரண்டு மூன்றைச் சேர்த்து ஒட்டி, ஒரே துண்டாகக் கடைந்து எடுப்பார். மரமும் ரெசினும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. தட்டினால் அந்தப் பேனா குப்பைக்குப் போகும்.

(அந்தச் சேருமிடத்தை இல்லறத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தப்பித்தீர்கள்.)

2

முதல் வரிக்கு என் முதல் முயற்சி:

“மாரிக்கனி பட்டறைக்குள் நுழைந்ததும் சுழன்றுகொண்டிருந்த லேத்கூட ஒரு கணம்—”

பொய். அவள் வந்தால் எதுவும் நிற்காது. நாற்பது வயதுக்காரி. வன்னியம்பட்டியில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி வருவாள். வந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு ரெசின் கலக்க உட்கார்ந்துவிடுவாள். கலந்து, நிறம் சேர்த்து, அச்சில் ஊற்றிக் கட்டையாக்கிக் கொடுப்பது அவள் வேலை. கடைவது இவர் வேலை.

இரண்டாவது முயற்சி:

“சீனியம்மாள் பார்ப்பதற்குச் சுமாராகத்தான் இருப்பாள். முன்பல் கொஞ்சம்—”

பெயரை மாற்றினேன், பல்லையும் மாற்றினேன். நான்கு வரிக்கு மேல் அந்தச் சீனியம்மாள் அசையவில்லை. மாரிக்கனிக்குப் பல்வரிசை நன்றாக இருக்கும். சரி, எழுதிவிட்டேன்.

மூன்றாவது முயற்சி:

“எட்வினின் தாடையில் மூன்று தையல் போட்டார்கள்.”

தொடர்கதைக்காரி இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் வாசகர் பக்கத்தைத் தாண்டிப் போக மாட்டார். ஆனால் ‘எப்படி அடிபட்டது?’ என்று அடுத்த வரியிலேயே கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல இந்த இடத்தில் எனக்குத் தைரியம் இல்லை.*

* எட்வினுக்கும் மாரிக்கனிக்கும் நடுவில் நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் கிடையாது. இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபம். இருபத்திரண்டில் ஒன்பது தொடரை அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

3

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற சோலைச்சாமி ஒரு நாள் வந்தார். மகள் டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். அவளுக்கும் கூடப் படித்தவர்களுக்குமாக இருபத்தைந்து பேனா வேண்டும். தன் தறியில் நெய்த துணியிலேயே செய்து தர வேண்டும் என்றார்.

“துணில பேனாவா? மை பட்டா அதுவே குடிச்சிருமே” என்று நான் சிரித்தேன்.

“ஆகும்க்கா” என்றாள் மாரிக்கனி. “துணிய அடுக்கடுக்கா வச்சு, ரெசின் ஊத்தி, ரெண்டு நாளு இறுக்கிப் போட்டா கட்டை மாதிரி ஆயிரும். உளி வச்சுக் கடையலாம்.”

“மேல வெள்ளைத் துணி, கீழ கறுப்புப் பனை. நடுவுல பித்தளை வளையம் ஒண்ணு” என்றார் எட்வின், அவளைப் பார்த்து.

“வளையம் மெலிசா இருக்கணும்ண்ணே. மோதிரம் மாதிரி தெரிஞ்சிரக் கூடாது.”

“அதச் சொல்லு.”

துணியில் பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் அடுக்கு ஒட்டாது. லேத்தில் சுழலும்போது பிரிந்து தெறித்துவிடும். அதனால் துணியை மாடியில் காயப்போட்டு எடுத்ததும் மாரிக்கனி ஒரு மடிப்பைத் தூக்கி மேலுதட்டில் வைத்துப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். “இன்னும் செத்த நேரம் வெயில் வேணும்” என்பாள், அல்லது “போதும்” என்பாள். அதற்குப் பிறகு எட்வின், ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னதையே மீட்டரும் சொன்னது.

நான் டீ கொண்டுபோன ஒரு நாள் எட்வின் என்னைக் கூப்பிட்டார். “பூரணம், இங்க பாரு. இவ உதட்டுக்கிட்ட மீட்டரே தோத்துப்போச்சு.” சொல்லிவிட்டு மீட்டரை அதன் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பரணில் ஏற்றினார்.

நானும் சிரித்தேன். டீயைக் கொடுத்தேன்.

முப்பது வருஷத்தில் என்னை நம்பி அவர் எந்தக் கருவியையும் பெட்டிக்குள் வைத்ததில்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று நான் சொன்னாலும், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டின் முன் உட்காருவார்.

4

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் அப்படியே வைக்கிறேன்.

வரைவு ஒன்று. “அன்று இரண்டு பேரும் பனை வாங்க வெளியே போயிருந்தார்கள். திடீரென்று சாரல் அடித்தது. மாடியில் துணி காய்வதை நான் மறந்தே போனேன்.”

இது நல்ல வரைவு. மறதியை யாரும் மன்னித்துவிடுவார்கள். அச்சுக்கு ஏற்றது.

வரைவு இரண்டு. “போகும்போது மாரிக்கனி, ‘அக்கா, சாரல் வந்தா துணிய எடுத்துருங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சாரல் வந்தது. நான் சன்னல் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.”

இதுவும் மோசமில்லை. கெட்டவள்தான், ஆனால் சோம்பேறிக் கெட்டவள். கையால் எதையும் செய்யாதவள்.

வரைவு மூன்று. துணி நனைந்த பிறகு எடுத்து வந்தேன். கொஞ்ச நேரம் ஃபேன் காற்றில் போட்டேன். பிறகு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் மேல் மடிப்பையும் அடி மடிப்பையும் மட்டும் தேய்த்தேன். தொட்டுப் பார்த்தால் வெயிலில் காய்ந்த சூடு. நடுவில் ஈரம். அவள் எப்போதும் மேல் மடிப்பைத்தான் தூக்கி உதட்டில் வைப்பாள் என்று எனக்குத் தெரியும். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

யாருக்கும் அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை. அவள் உதடு ஒரே ஒரு தடவை தோற்க வேண்டும். பரணில் இருந்து அந்தப் பெட்டி இறங்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

(‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை இரண்டு தடவை அடித்து, இரண்டு தடவை திரும்ப எழுதினேன்.)

5

மாரிக்கனி மேல் மடிப்பை உதட்டில் வைத்தாள். “நல்லாக் காஞ்சிருக்குண்ணே” என்றாள். ஊற்றினார்கள். இரண்டு நாள் இறுக்கிப் போட்டார்கள்.

முதல் இரண்டு கட்டை உளி வைத்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மூன்றாவது கட்டை சுழற்சியிலேயே அடுக்கடுக்காகப் பிரிந்து வெடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. தாடையில் மூன்று தையல்.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த எட்வின் சத்தம் போடவில்லை. “ஒன்ன எம்புட்டு நம்பி மீட்டரத் தூக்கி வச்சேன், மாரி” என்றார்.

“காஞ்சுதாண்ணே இருந்துச்சு.”

“காஞ்ச துணியா இப்படித் தெறிக்கும்?”

அவள் குனிந்தாள். தரையில் கிடந்த சில்லையெல்லாம் பொறுக்கிப் பெருக்கிவிட்டு, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. சோலைச்சாமி நாள் கடந்துவிட்டதென்று வேறெங்கோ கடைப் பேனா வாங்கிக் கொடுத்துவிட்டார்.

நான்கு நாள் எனக்கு நல்ல பசி எடுத்தது. ஐந்தாம் நாள் எட்வின் பரணில் இருந்து மீட்டரை இறக்கினார். பேட்டரி தீர்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறியது. மூன்று வாரமாக ரெசின் டப்பா திறக்கவில்லை. வெறும் மரத்தில் மட்டும் பேனா கடைகிறார். அதில் எதுவும் எதோடும் சேர வேண்டியதில்லை.

மாரிக்கனி நூறு நாள் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஓடை வெட்டுகிற வேலை.

இதுவரை எழுதிய தாள்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேற்று வன்னியம்பட்டிக்குப் போனேன்.

6

அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “அண்ணனுக்குக் காயம் ஆறிருச்சா?” என்று கேட்டாள். முதலில் அதைத்தான் கேட்டாள். பழைய பொறாமை எட்டிப் பார்த்தது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும்.

“ஆறிருச்சு. ஒரு கதை எழுதியிருக்கேன் மாரி. நீ வாசிக்கணும்.”

“கையெல்லாம் மண்ணு. நீங்களே வாசிங்க.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுத்தில் கொடுத்துவிட்டு, அவள் வாசிக்கும்போது நான் கோழியையோ வேலியையோ பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாசிக்க ஆரம்பித்தேன். முன்பல் வந்த இடத்தில் வேகமாகத் தாண்டினேன்.

“நில்லுங்க. நாலு வரி முழுங்கிட்டீகளே.”

“ஒண்ணுமில்ல, அடிச்ச வரி.”

“அடிச்சதையுந்தான வச்சிருக்கீக. வாசிங்க.”

வாசித்தேன். பல்லுக்கு வந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். “சீனியம்மாளா! எங்க சின்னத்தா பேரு. அதுக்கு முன்பல்லே கெடையாது.” மேலுதட்டுக்கு வந்தபோது சிரிக்கவில்லை. நான்காம் பகுதியை நான் தரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். மூன்றாவது வரைவு முடிந்ததும் நிறுத்தினேன்.

“எனக்குத் தெரியும்க்கா” என்றாள்.

“எது?”

“தேய்ச்சது. ஒரு சில்லுல இஸ்திரிப் பொட்டி முனை அச்சு மஞ்சளாக் காந்திப்போய் இருந்துச்சு. பேண்டேஜ் துணிய எவ தேய்ப்பா? அண்ணன் கண்ணுல படுறதுக்குள்ள அதத்தான் மொதல்ல பொறுக்குனேன்.”

“ஏட்டி, பொறவு ஏன் சொல்லாம வந்த?”

“சொன்னா அண்ணன் உங்களக் கேப்பாக. நீங்க இல்லம்பீக. அவிய உங்கள நம்புனாலும் சரி, என்னய நம்புனாலும் சரி, அதுக்கு மேல அந்தப் பட்டறையில நான் நிக்க முடியுமா?”

என் குடும்பத்தை வைத்து இவ்வளவு சரியாக நான்கூடக் கணக்குப் போட்டதில்லை. இருபத்திரண்டு தொடர் எழுதியவளுக்கு வராத கதைத் திருப்பம் இவளுக்கு ஒரு சில்லைப் பொறுக்குகிற நேரத்தில் வந்திருக்கிறது. அதற்கும் பொறாமைப்பட்டேன். உங்களிடம் மறைக்கவில்லை.

“இத அச்சுல போடப் போறேன். உன் மேல தப்பில்லன்னு ஊருக்கே தெரியட்டும்” என்றேன்.

“ஊருக்கா? ஊரா எனக்கு வேலை குடுக்கு?” கையை முந்தானையில் துடைத்தாள். “இதப் படிக்கவுகளுக்கு, எம்புட்டு தைரியமா ஒத்துக்கிட்டாளேன்னு நீங்க நல்லவளாயிருவீக. எனக்கு என்னக்கா வரும்? எனக்குத் திரும்பவும் ரெசின் கலக்கணும். அண்ணனுக்கு எதிர்க்க நின்னு, வாயால சொல்லுங்க. தாளக் கையில குடுத்துட்டு அடுப்படிக்குள்ள போயிரக் கூடாது.”

“நீயும் வாயேன் கூட.”

“வாரமாட்டேன். நான் நின்னா என்னயப் பாத்தே பேசுவீக.” வாசல் வரை வந்தவள் ஒன்று சொன்னாள். “சொன்ன பொறவு அச்சுல போடுறதுன்னாப் போட்டுக்கோங்க. ஆனா அவிய என்ன பதில் சொன்னாகன்னு மட்டும் எழுதாதீக. அதுல எம் பொழப்பு இருக்கு. அது உங்க கதைக்குக் கெடையாது.”

7

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் ராஜபாளையம் வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். பழக்கதோஷம்.

(அ) எட்வின் அழுகிறார். மறுநாள் மாரிக்கனி வருகிறாள். நான் ஏலக்காய் டீ— வேண்டாம்.

(ஆ) எட்வின் என்னோடு பேசுவதை நிறுத்துகிறார். மூன்று வருஷம் கழித்து ஒரு மழைநாளில்— வேண்டாம். மூன்று வருஷம் என்பதை எழுதிய உடனே அடித்துவிட்டேன்.

(இ) எட்வின் என்னை நம்ப மறுக்கிறார். ‘அவளைக் காப்பாத்தப் பொய் சொல்ற’ என்கிறார். இது நல்ல திருப்பம். இதழுக்குப் பிடிக்கும். இதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். ஏனென்றால் இதில் கடைசியில் நான் தியாகி.

மூன்றையும் கிழித்து, பஸ் நிலையக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வண்டி ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது லேத் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனேன். மஞ்சள் பையை வெளியிலேயே, துளசிச் செடிக்குப் பக்கத்தில் வைத்தேன். என் நிழல் விழுந்ததும் எட்வின் ஸ்விட்சை அணைத்தார். முகத்தில் மரத்தூள்.

“எங்க போய்ட்டு வார, வெயில்ல?”

“வன்னியம்பட்டிக்கு.”

கண்ணாடியைக் கழற்றினார். “மாரிய பாத்தியா? என்ன சொல்லுதா?”

“அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் உங்ககிட்ட சொல்லணும்.”

ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. நின்றபடி சொன்னேன். எந்த வரைவைச் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? மூன்றாவதை. ஆரம்பத்தில் இருந்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிய இடம் வரை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. சொல்லி முடித்தபோது லேத்தின் சக்கரம் முழுதாக நின்றுவிட்டிருந்தது. எட்வின் தாடைத் தழும்பை ஒரு விரலால் தடவிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார்.

இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

இந்தப் பக்கத்தில் இன்னும் எட்டு வரிக்கு இடம் இருக்கிறது. அவர் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மாரிக்கனிக்கு வேலை கொடுங்கள், கொடுக்காமல் போங்கள், உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று: அந்த எட்டு வரியில் என்னை நல்லவளாக்கிவிடாதீர்கள். நான் எழுதியிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.