இடது கைக்கு உரியது

கடிகாரக் கடையில் விற்பவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வெள்ளை விளக்கு, விளக்குக்கு அடியில் கறுப்பு வெல்வெட், வெல்வெட்டின் மேல் கடிகாரத்தை எடுத்து வைக்கிற கை. பல வருடங்களாக அந்தக் கை அவளுடையதாக இருந்தது. வந்தவரின் மணிக்கட்டை ஒரு கையால் தாங்கி, மறு கையால் வாரைச் சுற்றி, ஒரே சொடுக்கில் கொக்கியை மாட்டிவிடுவாள். அவள் கட்டிவிட்டதைக் கழற்ற மனம் வராமல் அப்படியே வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

வெண்புள்ளி முதலில் விரல் முட்டிகளில் வந்தது. பிறகு புறங்கைகளில் பரவி, மணிக்கட்டுகளைச் சுற்றிக்கொண்டது. வேறு வேலையாக இருந்தால் சமாளித்திருக்கலாம். கறுப்புத் துணியும் வெள்ளை வெளிச்சமும் சேர்ந்து அதை ஊருக்கே காட்டிக்கொடுத்தன. ஒரு நாள் ஓர் அம்மாள் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தானே கட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மறுநாள் மேனேஜர் இவளைப் பின்னறைக்கு மாற்றினார். பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. சம்பளத்தில் கை வைக்க மாட்டேன், கை சரியானதும் முன்னால் வந்துவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே அவள் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவில் புதுக் களிம்பு ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளாகவேதான் போனாள். இரண்டு கையிலும் ஒரே அளவு வெண்புள்ளி இருப்பவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. இந்தக் கைகளைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எல்லோருக்கும் இரண்டு ட்யூப். சிவப்புக் கோடு போட்டது வலது கைக்கு, பச்சைக் கோடு இடது கைக்கு. ஒன்றில் மருந்து இருக்கும், மற்றதில் வெறும் களிம்புதான். எதில் எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. ஆளுக்கு ஆள் மாறும். முடிவில் இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். காலையில் கொஞ்ச நேரம் இரண்டு கையையும் வெயிலில் காட்ட வேண்டும்.

"உங்க ரெண்டு கையும் எங்களுக்கு ரெண்டு ஆள் மாதிரி. ஒருத்தரோடத இன்னொருத்தர் தொடவே கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கிறது" என்றார்.

அவள் தலையாட்டினாள். கேட்டது அவ்வளவுதானா என்றுகூட நினைத்தாள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் இருட்டறையில் ஒரு பெட்டிக்குள் கைகளை நுழைக்கச் சொல்வார்கள். நீல விளக்கின் கீழே வெள்ளைப் பகுதி மட்டும் தனியாக ஒளிரும். அதன் மேல் கண்ணாடித் தாளைப் பரப்பி, தீவின் கரையை வரைவதுபோல் விளிம்பைப் பேனாவால் வரைவார்கள். பிறகு பக்கத்து அறை. அங்கே சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாள், பழைய ட்யூப்களை எடை போட்டு வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பாள். இரண்டும் ஒரே அளவு தீர்ந்திருக்க வேண்டும். எடை போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"மாத்தித் தடவினீங்களா?"

"இல்லைங்க."

வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் அந்த அம்மாளுக்குத் தராசம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் டாக்ஸி ஓட்டுகிறவர். எல்லோரையும் தங்கச்சி, தம்பி என்று கூப்பிட்டுச் சிரிக்க வைக்கிற மனிதர். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, முழுக்கைச் சட்டையின் நுனியை உள்ளங்கை வரை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவர்கள் இருவரோடும் இவளுக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டது. வெளியே எங்கும் வாய் திறக்காதவள் அந்தப் பெஞ்சில் பேசினாள். அங்கே மட்டும் கையை மடியில் அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது.

வலது கை தேறத் தொடங்கியது. முதலில் வெள்ளைக்கு நடுவே மிளகுத்தூளைத் தூவியதுபோல் பழுப்புப் பொட்டுகள். அவை பெருத்து ஒன்றோடொன்று கைகோத்தன. இடது கை அப்படியே கிடந்தது. அவளுடைய வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். பேச்சும் அதற்கேற்றாற்போல்தான் இருக்கும். ஒரு பைப்பில் தண்ணீர் வருகிறது, இன்னொன்றில் காற்றுதான் வருகிறது என்றார்.

அவள் வலது கையை மேனேஜரிடம் காட்டினாள். மேனேஜர் உண்மையாகவே மகிழ்ந்தார். பிறகு இடது கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு கை வந்துருச்சும்மா, ரொம்ப சந்தோஷம். ஆனா கடிகாரம் கட்டிவிட ரெண்டு கை வேணுமே. அதுவும் வரட்டும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சிவப்புக் கோட்டு ட்யூபைப் பிதுக்கி இடது கையில் தடவினாள். தராசு நினைவுக்கு வந்ததும் கொஞ்சமாகத் தடவப் பழகினாள். முன்பு ஒரு கைக்குப் போட்டதை இரண்டுக்கும் பங்கிட்டாள். இடது கைக்கு உரிய பச்சைக் கோட்டு ட்யூபிலிருந்து அதே அளவைப் பிதுக்கி வாஷ் பேசினில் கழுவி விட்டாள். எடை சரியாக இருந்தது. தராசம்மா கேட்டாள். இல்லைங்க என்றாள்.

கொஞ்ச நாளில் வாஷ் பேசின் அடைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் அடியில் மல்லாந்து படுத்து வளைவுக் குழாயைக் கழற்றினார். மெழுகுபோல் வெள்ளையாக ஒரு கட்டி வந்து விழுந்தது. அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, நம் வீட்டுக் குழாய்க்கும் வெண்புள்ளி வந்துவிட்டது என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தப்பு என்று சொல்லவில்லை. "வலது கையப் பாத்தா உனக்கே தெரியுது, மருந்து எதுலன்னு. அத்தனை படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா என்ன? எப்பவோ தெரிஞ்சிருக்கும். சும்மா முறைக்கு நடத்திக்கிட்டிருக்காங்க."

அவளும் அப்படித்தான் நம்பினாள். நம்ப வசதியாக இருந்தது. களிம்பைக் கொட்டும்போது வெந்நீர் ஊற்று, அடைக்காது என்று தொழில் முறையில் ஒரு யோசனையும் சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் ஒருத்தியின் கணக்கோடு போயிருக்கும். ஆனால் பெஞ்சில் டீச்சர் அழுதாள். அவளுக்கு இடது கை தேறியிருந்தது. கரும்பலகையில் எழுதுவது வலது கையால். பிள்ளைகளின் கண் அந்தக் கையிலேயே இருக்கிறது, எழுத்தில் இல்லை என்றாள். அவள் சட்டை நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து இவளுக்கு மனம் பொறுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். எடையைச் சொன்னாள். வெந்நீரையும் சொன்னாள். டாக்ஸிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அடுத்த முறை போனபோது, பெஞ்சின் மறுகோடியில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவருக்கு வெந்நீர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைத் தடுக்கலாமா என்று எழுந்தாள். ஆனால் அதற்குள் இடது கையிலும் மிளகுத்தூள் விழத் தொடங்கியிருந்தது.

இரண்டு கையும் முக்கால்வாசி தேறியபோது மேனேஜர் அவளை முன்னால் கூப்பிட்டார். வெல்வெட்டின் மேல் கைகளை வைத்தாள். யாரும் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அன்று முதல் கடிகாரத்தை அவள் ஒரு கிழவருக்குக் கட்டிவிட்டாள். கொக்கி மாட்டிய சத்தம் அவளுக்கு மட்டும் கடை முழுக்கக் கேட்டது.

சோதனை முடிந்து, கணக்கெல்லாம் போட்ட பிறகு எல்லோரையும் ஒரு கூடத்துக்கு அழைத்தார்கள். நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள், சுவரில் ஒரு திரை. டாக்டரம்மா திரையில் எதையும் காட்டவே இல்லை. நின்றபடி சொன்னார்.

"வலது, இடதுன்னு வித்தியாசம் நிக்கல. நடுவுல நல்லா தெரிஞ்சுது, எனக்கே நம்பிக்கை இருந்துச்சு. கடைசில ரெண்டு கையும் ஒண்ணாத்தான் தேறியிருக்கு. வெறும் களிம்பு பூசின கையும் தேறியிருந்தா, மருந்துக்கு என்ன வேலை? வெயில்ல காட்டினதுதான் காரணம்னு கம்பெனில முடிவு பண்ணிட்டாங்க. இதோட நிறுத்துறாங்க."

யாரோ, அப்படியானால் இது கடைக்கு எப்போது வரும் என்று கேட்டார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"வராதுங்க."

டீச்சர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். டாக்ஸிக்காரர் அன்று யாரையும் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். சொல்லிவிட்டாள். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, வாஷ் பேசின், எல்லாவற்றையும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று இவள் காத்திருந்தாள்.

"நீங்க மட்டுமா?"

அவள் கண் வெளியே இருந்த பெஞ்சின் பக்கம் போனது. அதுவே பதிலாகிவிட்டது.

டாக்டரம்மாவின் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. ஒருத்தி சொன்னால் ஒருத்தியின் கணக்கை நீக்குவார்கள், முடிவு மாறாது. எல்லோரும் வந்து சொன்னால், சோதனையே கெட்டுப்போனது என்று காட்டி மறுபடி நடத்தச் சொல்லி அவர் கேட்டுப் பார்க்கலாம். கேட்கத்தான் முடியும் என்றார். வேறொன்றும் சொன்னார். களிம்பை நிறுத்தினால் வெண்புள்ளி திரும்பி வரலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாரே, நினைவிருக்கிறதா என்றார். இருந்தது. அதற்குள் கடைக்கு வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவள் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனாள். டாக்ஸிக்காரர் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக் காட்டினார். தன் கை நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கிறதைக் கிளறுவானேன் என்றார். "நீதானே தங்கச்சி சொல்லிக் குடுத்தே. இப்ப நீயே வந்து காட்டிக்குடுன்னா எப்படி?" என்று கேட்டு வண்டியைக் கிளப்பினார். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

டீச்சரைப் பள்ளிக்கூட வாசலில் பிடித்தாள். டீச்சர் சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள். அப்படி அவளைப் பார்த்ததே இல்லை.

"ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னேன்னு நான் போய் நிக்கணுமா? டீச்சர் நானு. வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்? உங்களுக்கென்ன, நீங்க கடையில இருக்கீங்க."

கடையில் இருப்பவளின் பொய் மலிவானது என்று டீச்சர் சொல்லவில்லை. இவள் காதில் அப்படித்தான் விழுந்தது. வீடு வரை நடந்தே போனாள். வீட்டுக்காரர், படித்தவர்கள் இவ்வளவு முட்டாளாக இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார். அவள் அவரோடு அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கோபம் அவர் மேல் இல்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை.

அவளுடைய ஒரு கணக்கை மட்டும் நீக்கினார்கள். முடிவு மாறவில்லை.

மாதங்கள் போயின. ஒரு பிற்பகல், வெல்வெட்டைத் தட்டிவிடும்போது இடது மணிக்கட்டின் ஓரத்தில் கடுகளவு வெள்ளை தெரிந்தது. நூல் ஒட்டியிருக்கும் என்று தேய்த்தாள். நூல் இல்லை. வலது கையைத் திருப்பினாள். அங்கேயும் ஒன்று, அதே இடத்தில். மேனேஜர் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தாலும் உடனே சொல்ல மாட்டார். ஒரு வாடிக்கையாளர் கையை இழுத்துக்கொள்ளும் வரை காத்திருப்பார்.

அப்படி ஒரு வாடிக்கையாளருக்கு முன்பாக டீச்சர் வந்தாள். வெயில் கொளுத்துகிற நாள். முழுக்கைச் சட்டை உள்ளங்கை வரை இறங்கியிருந்தது. கண்ணாடிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு ட்யூப்கூட இல்லையா உங்ககிட்ட? பாதி இருந்தாக்கூடப் போதும்."

"எல்லாத்தையும் எடை போட்டு வாங்கிக்கிட்டாங்களே."

"கொட்டினோமே அவ்வளவு."

"கொட்டினது வெறும் களிம்புங்க டீச்சர்."

டீச்சர் தலையாட்டினாள். ஆனாலும் போகவில்லை. மேனேஜர் இந்தப் பக்கம் பார்த்தார். அவள் கீழ்த் தட்டிலிருந்து அகல வார் போட்ட கடிகாரம் ஒன்றை எடுத்து வெல்வெட்டில் வைத்தாள். டீச்சர் யோசித்து, சட்டை நுனியை ஏற்றிவிட்டு, கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி வெள்ளை முழுதாகத் திரும்பியிருந்தது. அவள் அந்தக் கையைத் தாங்கி, வாரைச் சுற்றி, கொக்கியை மாட்டினாள். வார் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறைத்தது.

டீச்சர் விளக்கின் கீழே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு பெட்டியின் விளிம்பில் கிடந்த தன் மறு கையைப் பார்த்தாள்.

"இந்தக் கைக்குச் சரி" என்றாள். "அந்தக் கைக்கு?"

அவள் வெல்வெட்டின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். நீவுகிற தன் இரண்டு கைகளிலும் இருந்த வெள்ளையை டீச்சர் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தும் கைகளை எடுக்கவில்லை.