வாய்க்காசு

1

இந்தக் கதை என்னுடையதல்ல, தெசாங்காவினுடையது. டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், பல் டாக்டர்களுக்குக் கேப்பும் பல்செட்டும் செய்து கொடுப்பவள். பழைய ரோமானியக் காசு எதைக் கொண்டுபோனாலும் யார், எந்தக் காலம் என்று சொல்லிவிடுவாள். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "நீ எழுதேன். எழுதினா உனக்கே ஏதாவது தெரியவரும்" என்றாள். சொல்லும்போது என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து தப்பத்தான் சரியென்றேன்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதினேன்.

ரோமானியர்கள் இறந்தவர்களின் வாயில் ஒரு (வேண்டாம். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.)

பதினேழு வருடத்துக்கு முன் புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு பெண் (பொய். ஆனால் ஊர் அப்படித்தான் நம்பியது.)

செப்டம்பரில், தெருவெல்லாம் மிளகாய் சுடும் வாசனை அடிக்கும் ஒரு நாள், உழவுக்காரன் ஓப்ராத் டிராக்டரைத் தெசாங்கா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். (இது இருக்கட்டும்.)

2

"அக்கா, ஏர்ல மாட்டுச்சு. யாரு தலைன்னு சொல்லு."

"மொதல்ல கையக் கழுவு. மேசையெல்லாம் டீசல் நாறுது."

எங்கள் வயல்களுக்கு அடியில் ரோமானியப் படைமுகாம் கிடக்கிறது. உருளைக்கிழங்கு தோண்டினால் காசும் வரும். இது பெரிய வெண்கலக் காசு. தெசாங்கா லென்ஸை வைத்துப் பார்த்தாள். இலைக்கிரீடம், தாடி முளைக்காத முகம்.

"கோர்டியன். பதிமூணு வயசுல ராஜாவாக்குனாங்க. பத்தொம்பதுல போய்ச் சேர்ந்துட்டான்."

"அடப்பாவமே."

"பின்னால பாரு. நடுவுல பொம்பளை, இந்தப் பக்கம் காளை, அந்தப் பக்கம் சிங்கம். நம்ம ஊர்லயே அடிச்ச காசு."

சிங்கத்தின் மேல் மண்ணும் பச்சைக் களிம்புமாக ஒரு கட்டி ஒட்டியிருந்தது. பல் சுரண்டும் ஊசியால் மேல்மண்ணை மட்டும் மெல்லப் பெயர்த்தாள். உள்ளே மஞ்சளாகப் பளிச்சிட்டது.

ஓப்ராத் எழுந்தே விட்டான். "தங்கமா?"

தங்கம்தான். கடைவாய்ப் பல்லுக்குப் போடும் கேப்.

(அடிக்குறிப்பாக வேண்டியது: செத்தவன் வாயில் காசு வைப்பது ரோமானியர் வழக்கம். ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரனுக்குக் கூலி. வாய்க்கரிசி போட்ட கைகளுக்கு இதை நான் விளக்க வேண்டாம். ஆனால் எந்த ரோமானியனும் தெசாங்காவிடம் கேப் போட்டுக்கொண்டதில்லை.)

3

தன் தோட்டை உருக்கி அவள் செய்த கேப் அது. புருஷன் திஹோமிர் அந்தப் பல்லில்தான் சூரியகாந்தி விதை உடைப்பான். அதற்காகவே கடிவாயில் ஒரு பள்ளம் வைத்திருந்தாள். அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை வெளியே போன திஹோமிர் திரும்பவில்லை. வியன்னாவில் எவளோடோ இருக்கிறான் என்றார்கள். தெசாங்காவும் நம்பினாள். பதினேழு வருடம் அவனைச் சபித்தாள்.

இந்த இடத்தில் அவளை அழவைக்க முயன்றேன். அவள் கண்கள் கல

இல்லை. அவள் அழவில்லை.

"எந்த இடத்துல ஏர் ஓட்டுன?"

"பழைய பம்புசெட்டுக்குப் பக்கத்துல. ஏங்க்கா மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்லியே."

"இது இங்க இருக்கட்டும். அந்தப் பக்கம் இனிமே ஏர் ஓட்டாத, ஓப்ராத்."

4

திஹோமிரை யாரோ கொன்று வயலில் புதைத்ததைவிட, கொன்ற பிறகு செய்ததுதான் அவளைத் தூங்கவிடவில்லை. யாரோ அவன் வாயைத் திறந்திருக்கிறார்கள். கையிலிருந்ததில் நல்ல காசாகப் பார்த்து நாக்கின் மேல் வைத்து, மறுபடி மூடியிருக்கிறார்கள். வழக்கம் தெரிந்தவன். அவன்மேல் பிரியம் உள்ளவன்.

முதல் முடிவு: போலீஸ் வருகிறது, எலும்புகளைத் தோண்டி (கிழித்துவிட்டேன். அவள் இன்னும் போலீசுக்குப் போகவில்லை.)

இரண்டாவது முடிவு: காசை ஆற்றில் எறிகிறாள். (அழகாக இருந்தது. அதனாலேயே வேண்டாம் என்று விட்டேன்.)

நடந்தது இது. ஞாயிறு காலை, ஓட்டல் கூடத்தில், திஹோமிரோடு பழங்காசு சேர்த்த கூட்டாளிகள் நாங்கள் ஐந்து பேரும் வழக்கம்போல் கூடியிருந்தோம். தெசாங்கா வந்தாள். கேப் அடியில் ஒட்டியபடியே காசை மேசை நடுவில் வைத்தாள்.

"யாருன்னு சொல்லுங்க."

காசுக்காரன் காசைத் தொடாமல் பார்க்க மாட்டான். உள்ளங்கையில் எடை பார்ப்பான், விளிம்பைத் தடவுவான், திருப்புவான். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் எடுத்தார்கள், திருப்பினார்கள், அடியில் தங்கப் பல்லைப் பார்த்ததும் கீழே வைத்தார்கள். ஐந்தாவது ஆளின் கை மட்டும் காப்பிக் கோப்பையை விட்டு நகரவில்லை.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். காசை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு அடுத்த வாரம்தான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். "எழுதி முடிக்கிற வரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்று காசை என் பக்கம் நகர்த்தினாள்.

கோர்டியன் என் மேசையில் மல்லாந்து கிடக்கிறான். 'நான் அந்த ஐந்தாவது ஆள் இல்லை' என்று ஒரு வரி எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். இதற்கு மேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். காசையும் நீங்களே திருப்பிப் பாருங்கள்.