முத்திரை கேட்டு வந்தவர்

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒரு பழைய தொழிற்சாலையின் மேல்மாடியில் தமிழ்ச் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் டக்ளஸ் வந்தார். எழுபத்தொன்பது வயது, தனிக்கட்டை. சமூகநல அலுவலகத்தின் உதவியில் வாழ்பவர்.

எதற்கு வந்தார் என்று தலைவர் பாலச்சந்திரனுக்குத் தெரியும். அலுவலகத்தில் டக்ளசுக்கு மொழிபெயர்க்கப் போன கனகவல்லி, திரும்பும் வழியிலேயே எல்லாருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நாற்பது வருடமாக டக்ளஸ் மறைத்தது இது: இலங்கை இராணுவத்தில் பதினாறு வருடம் லொறி ஓட்டி, 1979இல் ஓய்வு பெற்றவர். போர் தொடங்கி ஜெர்மனிக்கு ஓடிவந்தபின் ஓய்வூதியம் நின்றது. போர் முடிந்த பிறகும், கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று அவர் கேட்கவில்லை. இப்போது அலுவலகமே கேட்கச் சொல்கிறது. கேட்காவிட்டால் உதவியை வெட்டும். கொழும்பு கேட்பதோ, அந்தச் சாரதி டக்ளஸ் இவர்தான், உயிரோடு இருக்கிறார் என்று அவரை அறிந்த ஒரு பதிவுபெற்ற அமைப்பு முத்திரை குத்தித் தரும் கடிதம்.

“ஒரு வரி போதும், தம்பி. ஆள் இருக்கிறான் எண்டு.”

“ஆர் உமக்குத் தம்பி? எண்பத்தாறில என்ர அண்ணனை வீட்டு வாசல்ல வைச்சுக் கொண்டுபோனது உம்மட ஆக்கள். அவங்களிட்ட பென்சன் எடுக்க நான் முத்திரை குத்தவோ?”

“எண்பத்தாறில நான் டோர்ட்முண்டில கோப்பை கழுவினனான்.”

“கோப்பை கழுவினா ஆமியில இருந்ததும் கழுவுப்பட்டிடுமோ?”

“அண்ணை, மெல்லக் கதையுங்கோ,” என்றாள் செயலாளர் வத்சலா. “கீழ சனம் நிக்குது.”

“கேக்கட்டும்! எங்களோட ஒரே பந்தியில இருந்து சாப்பிட்டவன்.” பாலச்சந்திரன் டக்ளஸ் பக்கம் திரும்பினார். “அவங்கள் தந்தாலும் இஞ்சத்தை அலுவலகம் அதை உதவியில கழிச்சுப்போடும். உனக்கு ஒண்டும் மிஞ்சாது. தெரியுமோ?”

“தெரியும்.”

“பிறகேன் வந்தனீ?”

“கேக்காட்டி வாடகையும் போயிடும்.”

“போகட்டும். உன்னைச் சங்கத்தால நீக்கிறன். மரண நிதியும் இல்லை. செத்தா உன்னை எடுக்க ஒருத்தரும் வரமாட்டினம்.”

டக்ளஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மரண நிதிச் சந்தாவை அவர் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. சாப்பாட்டைக் குறைத்துக் கட்டிய வருடங்களும் உண்டு.

“அப்ப எழுத்தில தாங்கோ,” என்றார். “காரணத்தோட. சங்க யாப்பில அப்பிடி விதி இருக்கு.”

இருந்தது. முன்பு நீக்கப்பட்ட பொருளாளர் ஒருவர் வழக்குப் போட்டு வென்றபின், நீக்குவதானால் காரணம், இரண்டு கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டும் என்று விதி போட்டவர் பாலச்சந்திரனேதான்.

“தாறன். வாசிச்சு வாசிச்சு அழு. வத்சலா, அடியுங்கோ.” அவரே சொல்லச் சொல்ல அவள் கணினியில் அடித்தாள். “எமது சங்கத்தில் நீண்டகாலம் உறுப்பினராக இருந்த டக்ளஸ், தாம் இலங்கை இராணுவத்தில் பதினாறு வருடம் சாரதியாகப் பணிபுரிந்ததை இன்று எம்முன் நேரில் தோன்றி ஒப்புக்கொண்டமையால்…”

“பிறந்த திகதியும் போடுங்கோ,” என்றார் டக்ளஸ். “வேற டக்ளஸும் இருக்கினம்.”

“போடுங்கோ, போடுங்கோ. ஆள் மாறக் கூடாது.”

வத்சலாவின் விரல்கள் நின்றன. டக்ளஸைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள். பிறகு திகதியை அடித்து அச்செடுத்தாள். தன் கையெழுத்தையும் போட்டாள். பாலச்சந்திரனும் கையெழுத்திட்டு, மேசை அதிர முத்திரை குத்தினார்.

டக்ளஸ் தாளைக் கண்ணருகே பிடித்து வாசித்தார். “நேரில் தோன்றி… ஓம். கொழும்புக்கு இதுவே போதும்.”

பாலச்சந்திரனுக்கு விளங்கியபோது தாள் மடிந்து சட்டைப் பைக்குள் போயிருந்தது.

“குடு இஞ்ச! நாயே, செத்தா ஒருத்தரும் வரமாட்டினம்!”

“செத்தாப் பாப்பம். இப்ப உயிரோட இருக்கிறனெண்டு நீங்கள்தானே எழுதித் தந்திருக்கிறியள்.”

கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார். கீழே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். விலகி வழிவிட்டார்கள். ஒருவரும் வழக்கம்போல் அவரை அண்ணை என்று கூப்பிடவில்லை.