சத்தம் போடுவது ஷெட்டுக்குப் போகும்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் டெஸ்மண்ட், நொலீன் தம்பதியின் ஹாலில் நடந்த சண்டையை, டீ குடிக்கப் போன சாக்கில் முழுசாகக் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு எழுதாமல் இருக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை. சண்டை இன்னும் முடியவும் இல்லை. அதில் நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அது நாலாவது பகுதியில் வரும். அதற்குள் உங்களுக்கு என்னைப் பிடித்துப்போய்விட வேண்டும் என்பதுதான் திட்டம்.

முதல் வரிக்கான முயற்சிகள்:

தாஸ்மானியாவின் குளிர்காலம் ஒரு (வேண்டாம். எல்லாக் கதையிலும் குளிர்கிறது.)

மனிதனுக்கும் இயந்திரத்துக்குமான உறவு என்பது (இது கல்லூரி மலருக்கு.)

"யோவ், அந்தச் சனியனை அணைச்சுத் தொலை!" என்றாள் நொலீன்.

இது போதும்.

2

சனியன் என்றது டெஸ்மண்டின், அதாவது டெஸ்ஸின், பழைய கம்ப்யூட்டரை. எங்கள் மலைச்சாலைக்கு மின்கம்பி கிடையாது. கூரையில் சூரியத் தகடு, படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி. இங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம், சூரியன் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற மின்சாரத்தையெல்லாம் குடித்து, மூன்று விசிறிகளோடு, மலையேறும் லாரி மாதிரி இரையும். நொலீன் கெட்டிலைப் போட்டால் வீடே இருண்டுவிடும்.

அணைக்கவும் முடியாது. டெஸ் உட்கார்ந்து தட்டுவதும் அதில்தான், எங்கள் சாலையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் சர்வரும் அதுதான். எல்லோருடைய போட்டோக்கள், சினிமாக்கள், என் கதைகள், எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

அன்றைக்கு நொலீன் கரண்டியை ஓங்கித் தீர்ப்புச் சொன்னாள். "இந்த வீட்ல சத்தம் போடறது எதுவோ, அது ஷெட்டுக்குப் போகும். யாரு கெஞ்சினாலும் போகும். பேரி, நீதான் சாட்சி."

பேரி என்பது நான்தான். வந்த புதிதில் 'பாரி' என்று பெயர் சொன்னேன். இந்த ஊர் வாய்க்கு அது பேரி. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷெட் வெறும் தகரம். நெருப்பு கிடையாது. டெஸ்ஸுக்கு நெஞ்சுச் சளி. குளிர்காலத்தில் அங்கே உட்கார டாக்டர் விடமாட்டார். ஆக, மெஷின் ஷெட்டுக்குப் போனால் டெஸ்ஸுக்கு மெஷின் இல்லை. அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருக்கும் வேலை.

"சத்தமே போடாத ஒண்ணு கட்டறேன், பாக்கறியா?" என்றார்.

"கட்டு. உன் வாய்க்கும் சேத்து ஒண்ணு கட்டு."

3

(இந்த இடத்தில் கம்ப்யூட்டர் கட்டியதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. எடுத்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்.)

குப்பைமேட்டில் பழைய சாமான் விற்கும் கடைக்குப் போய் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கிவந்தார். அதன் முதுகிலிருந்த அலுமினியப் பட்டைகளைக் கழற்றி, கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பலகை ஒன்றின் மேல் பசை தடவி முடுக்கினார். சூடு பட்டை வழியாகத் தானே காற்றில் போய்விடும். விசிறி கிடையாது, சுழலும் டிஸ்க் கிடையாது. மின்சாரம் நேரே பேட்டரியிலிருந்து. அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. இருந்தால்தானே சத்தம் வரும்?

நானும் இந்தக் கதையை அப்படித்தான் கட்டப் பார்க்கிறேன். உவமை சுழன்றால் கழற்றிவிடுகிறேன். (லாரியை மட்டும் விட்டுவைத்தேன். மனசு வரவில்லை.)

எல்லோருடைய கோப்புகளையும் அதற்கு மாற்றி, பழையதை அணைத்துவிட்டு, ஹாலில், கணப்புக்குப் பக்கத்தில், அதை வைத்தார். பொத்தானை அமுக்கினார். திரையில் வெளிச்சம் வந்தது. வேறு எதுவும் இல்லை. நொலீன் கெட்டிலைப் போட்டாள். வீடு இருளவில்லை.

டெஸ் நாற்காலியில் சாய்ந்தார். பின்னாலிருந்து இரைச்சல் கிளம்பியது. அதே பழைய லாரி.

4

வேறு எழுத்தாளராயிருந்தால் இதைக் கடைசிப் பக்கம்வரை மறைப்பார். நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது மேவிஸ்.

மேவிஸ் நொலீன் வளர்க்கும் கலா.* கூட்டிலிருந்து விழுந்த குஞ்சாக எடுத்துவந்து, தன் ரவிக்கைக்குள் வைத்துச் சூடு காட்டிப் பிழைக்கவைத்தாளாம். கூண்டு டெஸ்ஸின் நாற்காலிக்குப் பின்னால். எத்தனையோ வருடம் அந்த விசிறிகளைக் கேட்டு வளர்ந்த பறவை. அதன் கணக்கில், டெஸ் உட்கார்ந்தால் இரைச்சல் வர வேண்டும். வரவில்லை. தானே போட்டுவிட்டது. அவர் திரும்பினால் கப்சிப்பென்று சூரியகாந்தி விதை கொறிக்கும்.

[* சாம்பல் முதுகும் ரோஸ் மார்புமாக ஒரு கிளிவகை. இங்கே அதற்குக் கலா என்றுதான் பெயர். முட்டாளைத் திட்டவும் அதே சொல். என் சித்தப்பா மகள் பெயரும் கலா. அவளுக்கு இந்தக் கதையை அனுப்புவதாக இல்லை.]

டெஸ் மெஷினைப் பிரித்தார், மாட்டினார். அடியில் ரப்பர் வைத்தார். மறுபடி பிரித்தார். பட்டையில் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். கப்பல் எஞ்சின் அறையில் காலம் தள்ளியவர் அவர். எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்று மேல்தளத்திலிருந்தே சொல்வாராம். "என் கூட வேலை பாத்தவன் எல்லாம் செவிடாயிட்டான், எனக்கு மட்டும் பாம்புக் காது" என்று பீற்றிக்கொள்வார். கடைசியில் நிமிர்ந்து, "நொலீன், உனக்கு அந்தச் சத்தம் கேக்குதா?" என்றார்.

நொலீன் மேவிஸைப் பார்த்தாள். அவள் போட்ட சட்டம் அவளுக்கு ஞாபகம் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"இல்லையே" என்றாள்.

டெஸ் என் பக்கம் திரும்பினார். "பேரி, உனக்கு?"

ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மேவிஸுக்கு ஷெட். எனக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். (இரண்டில் எது பெரிதாகத் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.)

"எது?" என்றேன்.

அவர் முகம் சின்னதாகிப்போனது. காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியும் வீட்டுக்கு வந்து குறிப்பெடுத்தேன்.

5

இன்று மதியம் நொலீன் என் சமையலறைக்கு வந்தாள்.

"எழுதறியாமே. எழுது. ஆனா மேவிஸ் பேரு வரக்கூடாது. ஃபிரிட்ஜ்னு போடு."

"ஃபிரிட்ஜ்னா ஃபிரிட்ஜ் ஷெட்டுக்குப் போகுமே?"

"பீரு உள்ள இருக்கு. அவனும் கூடவே போயிடுவான்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "அவளுக்குக் கால்ல வாதம், பேரி. ஷெட்ல ஒரு ராத்திரி தாங்கமாட்டா."

"சட்டத்தைத் திருப்பி வாங்கிக்க வேண்டியதுதானே?"

"அவன்கிட்டயா? செத்தாலும் மாட்டேன்."

நான் கதைக்கு வேறொரு முடிவு சொன்னேன். அந்த இரைச்சல் இத்தனை நாள் உங்கள் இருவரின் மௌனத்தை மூடிவைத்திருந்தது, இப்போதுதான் ஒருவரையொருவர்

"என்ன மௌனம்? நாங்க ஒரு நாளாவது வாய மூடியிருக்கமா?"

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

போகும்போது வாசலில் நின்றாள். "டெஸ் என்ன சொல்றான் தெரியுமா? மெஷின் கத்தலைன்னா என் மண்டைதான் கத்துது, அப்ப ஷெட்டுக்குப் போக வேண்டியது நான்தான்கறான். கிண்டல்னு நெனச்சேன். தலகாணிய எடுத்து வெச்சிருக்கான். மெஷினை சனிக்கிழமை குப்பைமேட்டுல குடுத்துடுவானாம். காது போனவன் எதையும் கட்டக்கூடாதாம்."

6

சாயங்காலமாகிவிட்டது. ஜன்னல் வழியாகத் தெரிகிறது. டெஸ், கட்டம்போட்ட தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உறைபனி மிதிபட முற்றத்தைக் கடக்கிறார். இருமுகிறார். நொலீன் கதவில் நிற்கிறாள், கூப்பிடவில்லை.

இங்கே நான் முடிவெடுக்க வேண்டும். என் கதைகள் டெஸ்ஸின் மெஷினில்தான் சேமிக்கப்படுகின்றன. புதுக் கோப்பு வந்தால் அவர் போனில் மணியடிக்கும். உடனே மொழிபெயர்ப்பில் போட்டுப் படிப்பார். ('அவள் தலைகீழாக நின்றாள்' என்று ஒருமுறை எழுதியதற்கு, அந்தப் பெண் ஏன் யோகா செய்கிறாள் என்று கேட்டார்.) சேமித்தால் உண்மை தெரிந்து அவர் திரும்பிவிடுவார், மேவிஸ் போய்விடுவாள். சேமிக்காவிட்டால்

இல்லை. ஒரு விஷயம் மறந்துவிட்டேன். போன வருடம் ஒரு கதையைத் தொலைத்துவிட்டுப் புலம்பியபோது, என்னைக் கேட்காமலே டெஸ் ஒரு ஏற்பாடு செய்தார். நான் தட்டத் தட்ட அது தானாகவே போய்ச் சேமித்துக்கொள்ளும்.

நாலாவது பகுதி அங்கே போய் ரொம்ப நேரமாகிறது.

முற்றத்தின் நடுவில் டெஸ் நின்றுவிட்டார். போனை எடுக்கிறார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். படிக்கிறார். நொலீனைப் பார்க்கிறார். ஹால் ஜன்னலைப் பார்க்கிறார். அப்புறம் தலையணையோடு என் வேலிப் பக்கம் நடக்கிறார். கோபமா சிரிப்பா என்று இங்கிருந்து தெரியவில்லை. அந்தத் தலையணையால் அடிப்பாரா, மேவிஸை எங்கே வைப்பது என்று யோசனை கேட்பாரா, அதுவும் தெரியவில்லை.

கதவு தட்டப்படுகிறது. இந்த இடத்தில் கதையை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கும் கேட்கிறதல்லவா? தயவுசெய்து 'எது?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போய்த் திறந்துவிடுங்கள். வெளியே குளிர்கிறது, மனுஷனுக்கு நெஞ்சுச் சளி.