இரவுக்கு எத்தனை ஃபேன்

"உங்க லிஸ்டும் கரண்டு பில்லும் ஒத்துப் போகலையே சார்" என்றாள், சோலார் போட அளவெடுக்க வந்திருந்த பெண்.

கூடத்து மேசையில் பன்னிரண்டு மாத பில்கள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில், அவர் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய பட்டியல். என்ன சாமான், எத்தனை வாட், நாளைக்கு எத்தனை மணி நேரம். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவர் கண்ணுக்குத் தப்பிய ஒற்றும் கொம்பும் கிடையாது என்று பேர் வாங்கியவர். செல்போன் சார்ஜரைக்கூட விட்டுவைக்கவில்லை. "இப்படி யாருமே எழுதித் தந்ததில்ல சார், எனக்கு இங்க வேலையே இல்ல" என்று வந்த கையோடு சொல்லியிருந்தாள். அது கால் மணி நேரத்துக்கு முன்னால்.

"முதல் நாலு மாசம் சரியா வருது. அப்புறம் மாசாமாசம் பதினெட்டு யூனிட் உதைக்குது. புதுசா ஏதாவது வாங்கினீங்களா?"

"இல்லையேம்மா."

அவள் தாளின் ஓரத்தில் பென்சிலால் வகுத்தாள். எழுபத்தைந்து வாட், எட்டு மணி நேரம், முப்பது நாள். அவளே போட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். அவருக்கு அது மனப்பாடம்.

எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு விடாத இருமல். ரெண்டு நாளைக்கு என்று சொல்லித் தலையணையை இடுக்கிக்கொண்டு, கல்யாணமாகிப் போன மகளின் அறைக்குப் போனாள் அவர் மனைவி. இருமல் நின்றது. தலையணை திரும்பவில்லை. சண்டை என்று ஒன்று நடக்கவில்லை; நடந்திருந்தால் சமாதானம் என்றும் ஒன்று நடந்திருக்கும். வா என்று அவர் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. நாள் ஆக ஆக அது கேட்கக் கூடாத விஷயமாகவே ஆகிப்போனது. பட்டியலில் 'இரவு: ஃபேன் 1' என்று எழுதியபோது அவருக்குக் கை தயங்கவில்லை. ராத்திரிக்கு ஒரு அறைக்குத்தான் கரண்டு என்று பேட்டரியே சொல்லிவிட்டால், தான் வாய் திறக்க வேண்டியிருக்காது.

"அந்தச் சின்ன ரூம் சார்?"

"மக ரூம். அவ வந்தா போனாதான்."

டீயுடன் வந்த மனைவி டம்ளர்களை மேசையில் வைத்தாள். பட்டியலை நின்றபடியே ஒருமுறை பார்த்தாள்.

"அந்த ரூம் ஃபேனையும் எழுதிக்கம்மா. தினம் ஓடுது. பத்துலேர்ந்து ஆறு வரைக்கும்."

பென்சில் நின்றது. அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் டீயை எடுத்துக்கொண்டாள்.

"ஊரான் எழுத்துல எல்லாம் குத்தம் கண்டுபிடிச்ச மனுஷன்" என்றாள் மனைவி, அந்தப் பெண்ணிடம் சொல்வதுபோல. "வீட்டுல ஓடுற ஃபேனை விட்டுட்டாரு பாரு."

"விட்டுப் போகல" என்றார் அவர்.

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் வருமென்று காத்திருந்தார். வெகுநேரம் வரவில்லை.

"ஒரு ஃபேன்னா ஒரு பேட்டரி, மூணு பேனல். ரெண்டுன்னா ரெண்டு பேட்டரி, நாலு பேனல்" என்றாள் அந்தப் பெண், தணிந்த குரலில். "யோசிச்சு நாளைக்குள்ள சொல்லுங்க சார்."

"சின்னதாப் போட்டுட்டு, அப்புறமா கூட்டிக்க முடியாதா?"

"கூட்டலாம் சார். இன்வெர்ட்டரையும் சேர்த்து மாத்தணும். எல்லாரும் அப்புறம்னுதான் சொல்லுவாங்க. யாரும் கூட்டினதில்ல."

அவரோடு மொட்டை மாடிக்குப் போய் டேப்பைப் பிடித்து, பேனல் வரும் இடத்தில் சாக்பீஸால் மூன்று நீள்கட்டங்கள் போட்டாள். நான்காவதைப் புள்ளி புள்ளியாகப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மனைவி துவைத்த துணி வாளியோடு படியேறி வந்தாள். ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். தண்ணீர் சொட்டி அவள் காலடியில் தேங்கியது.

"இது எத்தனை வருஷம் வருமாம்?"

"இருபத்தஞ்சுங்கறா."

"நமக்கு மேல" என்றாள். கொஞ்சம் கழித்து, "இது மட்டும் ஏன் புள்ளி?"

"இன்னும் முடிவாகல."

கேட்க இதைவிட நல்ல சமயம் வராது என்று அவருக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமினார். அது இருமலாகத்தான் வந்தது. அவள் கிளிப்பைப் போர்வையில் மாட்டிவிட்டு, அது பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு வெறும் வாளியை எடுத்துக்கொண்டு, புள்ளிக் கோட்டை மிதித்துக்கொண்டே படிக்குப் போனாள்.

சற்று நேரம் கழித்து அவரும் இறங்கினார். மேல் படியில் அவள் ஈரக்காலில் ஒட்டிய சாக்பீஸின் தடம் குதிகாலோடு முழுதாக இருந்தது. அடுத்ததில் பாதி. குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் படியில் இரண்டு விரல் மட்டும் வெளுப்பாகப் பதிந்திருந்தது. அதைத் தாண்டி, அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று காட்டாமல் கூடத்துத் தரை சுத்தமாக இருந்தது. எதிரே இரண்டு அறைக் கதவுகளும் திறந்திருந்தன.