பன்னிரண்டு மணி நேர இருட்டு

ஐந்தாவது அறை பூக்கவில்லை என்று வேலை தொடங்கும்போதே பொதி கட்டும் பகுதியில் கதைத்துக்கொண்டார்கள். மரியமலர் கையுறையைப் பாதி மாட்டியபடி நின்றுவிட்டாள்.

அவள் குடியிருந்த ரோவிலில் இருந்து அந்த இடம் ஒரு மணி நேரக் கார் ஓட்டம். மருந்துக் கம்பனி ஒன்று அரசாங்க அனுமதியோடு அங்கே கஞ்சா வளர்த்தது. எல்லாம் பழைய ரகங்கள். வயது வந்ததும் தானாகப் பூக்கிற புது ரகங்கள் போலல்ல; இரவு நீண்டால்தான் பூக்கும். அதனால் அந்த நாட்டு டிசம்பர்க் கோடை வெயில் வெளியே கொளுத்தும்போதே மாலை ஐந்து மணிக்குக் கறுப்புத் திரைகள் இறங்கிவிடும். பன்னிரண்டு மணி நேர இருட்டு. இடையில் வெளிச்சம் பட்டால் செடிக்கு அது இரவே இல்லை.

மரியமலருக்கு ஆறு மணிக்கு இடைவேளை. மன்னாரில் அப்போது பன்னிரண்டரை. தங்கையிடம் விட்டுவந்த மகள் ஜெசிக்கா பள்ளி முடிந்து வந்திருப்பாள். பொதி கட்டும் பகுதியில் போன் எடுக்கக்கூடாது. மரியமலரோடு ஒரே வீட்டில் இருந்த டிலக்சிதான், பூக்கும் அறைகளில் வேலை செய்தவள், ஐந்தாவது அறைக்குள் போகத் தன் கதவு அட்டையையும் நெற்றி விளக்கையும் கொடுத்தாள்.

"பிள்ளையோட கதைச்சிட்டு வாங்கோ அக்கா. பச்சை லைட்டை மட்டும் போடுங்கோ, அது செடிக்குத் தெரியாது. வெள்ளை வேண்டாம்."

முதல் நாள் போன் திரையில் பச்சை வெளிச்சத்தில் தாயைக் கண்டதும் பிள்ளை வீரிட்டது. பேய் மாதிரி இருக்கு என்றது. இரண்டாம் நாள் மரியமலர் நெற்றி விளக்கைக் கழற்றி வெள்ளையில் போட்டுத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். சுற்றி நின்ற இருநூறு செடிகளும் அதைப் பார்த்தன. அதன்பின் தினமும் அப்படித்தான்.

ஐந்தாவது அறைப் பேச்சு எழுந்த அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு நரசிம்மன் இருவரையும் கூப்பிட்டார். தமிழ்நாட்டுக்காரர், பயிர்ப் பொறுப்பாளர். குரலை உயர்த்தமாட்டார்.

"மத்த ரூம்ல எல்லாம் பூவோட வெள்ளை நார் வந்துடுச்சு. இதுல இலை மட்டும்தான் வளருது. தினமும் ஆறு மணிக்கு யாரோ உள்ள போயிருக்காங்க. கார்டு உங்களோடது, டிலக்சி." பிறகு மரியமலர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரே வீட்டுலதானே இருக்கீங்க. ஏதாவது தெரியுமா?"

இருவரின் விசாவும் கம்பனியின் கையில் இருந்தது.

"எனக்கு ஒண்டும் தெரியாது சேர்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவ எந்த நேரமும் போனிலதான் இருப்பா."

டிலக்சி திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒரு பார்வை. மரியமலர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, இப்போது சொல்லப்போகிறாள், இப்போது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

"ஓம் சேர். என்ர கார்ட்தான்," என்றாள் டிலக்சி.

டிலக்சியின் வேலை அன்றோடு போயிற்று. ஆறு மாதத்துக்குள் வேறு கம்பனி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

ஆறு மணி இடைவேளையில் மரியமலர் கழிவறை ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். நிழலே இல்லாத கார்த் தரிப்பிடத்தில் டிலக்சியின் கார் கதவுகளைத் திறந்துவைத்தபடி நின்றது. அவள் போகவில்லை. மரியமலருக்கு வீடு திரும்ப வேறு வழி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போயிருக்கக்கூடாதா என்று மரியமலர் நினைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது நன்றி அல்ல, வெறுப்பு.

எட்டு மணிக்கு வேலை முடிந்து காரில் ஏறினாள். வெயில் இன்னும் இருந்தது. வழியில் பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு டிலக்சி கேட்டாள்:

"வீட்டில பால் முடிஞ்சுது. உங்களுக்கும் வாங்கவோ அக்கா?"

மரியமலர் தலையை மட்டும் ஆட்டினாள்.

டிலக்சி இரண்டு போத்தலோடு வந்தாள். ஒன்றைப் பின் இருக்கையில் வைத்தாள். மற்றதை மரியமலரின் மடியில் வைத்துவிட்டுக் காரை எடுத்தாள். போத்தல் வியர்த்து, குளிர் காற்சட்டை வழியே தொடைக்கு இறங்கியது. மரியமலர் அதை நகர்த்தவில்லை.